ஒரு கூண்டு எப்போதும் காலியாக

"வித்த மாட்டுக்கு யாராவது புல் அறுப்பாங்களா?"

மன்னார்குடியோ பட்டுக்கோட்டையோ கும்பகோணமோ, வீட்டில் நாய் வைத்துக் குட்டி எடுத்து விற்கிறவர்களிடம், வாங்கிப் போனவர் ஒரு வருஷம் கழித்து வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக இந்தப் பதில்தான் வரும். நெல்லும் மாடுமாக வாழ்ந்த ஊரில் கேட்டவர் வாயை அடைக்க இது போதும். பணம் கை மாறியது, கயிறு கை மாறியது, அதோடு சரி. ஆனால் மாட்டை வாங்கியவருக்கு அது ஒத்துவரவில்லை என்றால் அடுத்த சந்தைக்கு ஓட்டிப் போவார். தரகர் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். பால் மறத்த மாட்டுக்கும் ஒரு விலை உண்டு, கால் தாங்குகிற மாட்டுக்கும் ஒரு விலை உண்டு. நாய்க்கு அப்படி இரண்டாவது சந்தை கிடையாது. 45 நாள் குட்டியாக இருக்கும்போது ஆயிரக்கணக்கில் விலை போன லேப்ரடாரை ஒன்றரை வயதில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் வராது. அந்த வயதில் அதை ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர் ஒருத்தர்தான், அதைப் பிறக்க வைத்தவர். அவரும் கையை விரித்தால் மிச்சம் இருப்பது கொள்ளிடக் கரையும் புறவழிச்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடை வாசலும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். ரெண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் கொஞ்சம் கறாரானவை. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும், 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, ஆயுளுக்கு ஐந்து ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் விற்ற எட்டாவது மாதம் அந்த நாய் எங்கே இருக்கிறது என்று எந்த அதிகாரியும் வந்து கேட்கப் போவதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் குட்டி எடுத்து விற்ற பிரீடர்தான்.

இதைப் பாசம், தர்மம், பைரவர் வாகனம் என்று பேச ஆரம்பித்தால் பேச்சு பக்தியில் போய் முடிந்துவிடும். கணக்காகவே பேசலாம். இரண்டு பெட்டை, ஆளுக்கு ஐந்து ஈத்து, ஈத்துக்கு ஏழு குட்டி என்றால் 70 நாய். ஒவ்வொன்றும் 10, 12 வருஷம் வாழும். பத்தில் ஒன்று திரும்பி வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஏழு நாய். எல்லாம் ஒரே நாளில் வராது, வரும்போது சொல்லிக்கொண்டும் வராது. வீட்டுக் கொல்லையில் இன்னும் இரண்டு நாய்க்கு இடமில்லை என்கிறவர், அடுத்த ஈத்துக்கும் தன்னிடம் இடமில்லை என்றுதான் சொல்கிறார். குட்டி போடும் பெட்டிக்குத் தச்சரைத் தேடுவதற்கு முன்னால் திரும்பி வரும் நாய்க்கு ஒரு கூண்டு கட்டி அதைக் காலியாக வைத்திருக்க வேண்டும். நீளம் 8 அடி, அகலம் 4 அடி, பாதிக்கு மேல் கூரை, சொரசொரப்பான சிமென்ட் தரை, சாக்கடைப் பக்கம் வாட்டம். மற்ற நாய்களிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும், தண்ணீர்ப் பாத்திரம்கூடத் தனி.

இணை சேர்க்கும் முன்

பெட்டை ஹீட்டுக்கு வந்த பிறகு ஆண் நாயைத் தேடி அலைவதுதான் நடப்பு. ஆறு, ஏழு மாதத்துக்கு ஒருமுறை வருகிற விஷயம், இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை என்று இருக்க மனசு வராது. ஆனால் நாயின் ஆயுளில் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் என்றால் தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். மயக்க மருந்து கொடுத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி எடுக்கிற படம் அது. ஒரு வயதுக்கு முன்னால் எடுத்துப் பயனில்லை, இரண்டு வயதில் எடுத்தால் இன்னும் தெளிவு. ஊர் மாட்டாஸ்பத்திரியில் முடியாவிட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ திருச்சியிலோ விசாரிக்கலாம். நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிட்டால், மூட்டுக் கிண்ணம் ஆழமில்லாத குட்டி புது வீட்டின் வழவழ டைல்ஸ் தரையில் வழுக்கி வழுக்கி வளரும். பத்து மாதத்தில் முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தாவும். வாங்கியவர் அதை விளையாட்டு என்று நினைப்பார். மூன்றாவது வயதில் மாடிப்படி ஏறாது.

வெள்ளை ராஜபாளையத்தில் பார்க்க வேண்டியது காது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே நிறமி அணுக்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் போய்விடும். ஐந்து, ஆறு வாரத்தில் குட்டியைத் தனியாகப் பிரித்து, அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் வைத்துச் சோதித்தால் பக்கத்துக் குட்டி எழுவதைப் பார்த்துத் தானும் எழும், ஏமாந்துவிடுவோம். கை தட்டினால் காற்று படும், தரையைத் தட்டினால் அதிர்வு தெரியும், இரண்டும் கூடாது. ஒரு காது மட்டும் கேட்காததை இந்த முறையில் கண்டுபிடிக்கவே முடியாது, அதற்குக் கருவி வேண்டும். காது கேட்காத குட்டியைக் கொஞ்சம் அடக்கமான குட்டி என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஹார்ன் கேட்காத நாய் தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

காலத்தையும் பார்க்க வேண்டும். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள். புரட்டாசி தொடக்கத்தில் சேர்த்தால் கார்த்திகை தொடக்கத்தில் குட்டி, அதாவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில். முதல் வாரக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது, பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போகும், தரை ஓதம் காக்கும். வைக்கோல் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். உமி மூக்கிலும் கண்ணிலும் போகும். சாக்கில் நகம் மாட்டும். துவைத்துக் காய்ந்த பழைய வேட்டிதான் நல்லது, ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்றவேண்டி வரும். மாற்ற ஆள் இல்லாத வீட்டில் ஐப்பசி, கார்த்திகைக் குட்டி வேண்டாம்.

நாற்பத்தைந்து நாள் என்கிற வழக்கம்

தமிழ்நாடு முழுக்கவே குட்டி வியாபாரத்தில் 45 நாள் என்பது எழுதாத சட்டம். வாங்குகிறவரும் அதைத்தான் கேட்பார். குட்டியாக இருந்தால்தான் ஒட்டும் என்பார். உண்மையான காரணம் சாப்பாட்டுச் செலவு. ஐந்தாவது வாரத்தில் தாய் பால் கொடுக்காமல் எழுந்து ஓட ஆரம்பிக்கும், எட்டுக் குட்டிக்கு நாலு வேளைத் தீனி நம் கையிலிருந்து போக வேண்டும். பீ அள்ளி மாளாது. விற்றுவிட்டால் நிம்மதி. ஆனால் ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைதான், ஒன்றை ஒன்று கடித்து, கடிபட்ட குட்டி கத்த, கடித்தது விட, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. தாய் உறுமி விரட்டுவதும் பாடம்தான். இதைப் படிக்காமல் போன குட்டி ஏழாவது மாதத்தில் வீட்டுப் பிள்ளையின் கையைப் பதம் பார்க்கும்போது, நாய் சரியில்லை என்பார்கள்.

அந்த எட்டு வாரத்தில் பிரீடர் செய்ய வேண்டியவற்றில் பல, அவர் கண்ணுக்குத் தெரியாத வருஷங்களில்தான் பலன் தரும். பிறந்த நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை. 400 கிராமில் பிறந்த குட்டி பத்து நாளில் 800-ஐ எட்ட வேண்டும். ஒரு நாள் எடை ஏறவில்லை என்றால் கவனம், இரண்டாவது நாளும் ஏறவில்லை என்றால் டாக்டர். பூச்சி மருந்து 2, 4, 6, 8 வாரங்களில். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போகும் என்பதால் தாய்க்கும் சேர்த்து. டெல்டாவின் ஈர மண் கொக்கிப்புழுவுக்கு நாற்றங்கால் மாதிரி. ஈறு வெளுத்த குட்டியைச் சத்தில்லை என்று பாலும் முட்டையும் கொடுத்தே கொன்றுவிடுகிறார்கள். ரத்தம் உள்ளே உறிஞ்சப்படுகிறது என்பது தெரிவதில்லை.

பேதி கண்டு குட்டியைக் கொல்லும் பார்வோ நோய்க்குத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்துக்குள் ஒன்று, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. ஒரு ஊசி போட்டாச்சு என்று கார்டில் ஸ்டிக்கரைக் காட்டி விற்பது பாதி உண்மை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கிறவரை அது ஊசி மருந்தையும் சேர்த்துச் செயலிழக்க வைக்கும், அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் கடைசி ஊசி முக்கியம். வாங்குகிறவரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, போன வருஷம் அந்த வீட்டில் குட்டி ஏதும் பேதியில் செத்ததா என்பது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். சிமென்ட் தரையை 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து கழுவிவிடலாம், கொல்லை மண்ணை என்ன செய்வது? அந்த வீட்டுக்கு முழுத் தடுப்பூசியும் முடித்த, நாலு மாதம் தாண்டிய நாயைத்தான் கொடுக்க வேண்டும். வயல் சூழ்ந்த ஊர்களில் எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸுக்கும் இரண்டு ஊசி, பிறகு வருஷத்துக்கு ஒன்று. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்.

மைக்ரோசிப்பைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை பரவியிருக்கிறது. சிப் போட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று போனில் தெரியுமாம். தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும் அரிசி அளவுக் குழலில் உள்ளது ஒரு 15 இலக்க எண் மட்டும். ரீடரை வைத்தால் எண் வரும். அந்த எண் யாருடையது என்று ஒரு நோட்டில் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். ஆகவே நோட்டுதான் பெரிது. லாங் சைஸ், 200 பக்கம், குட்டிக்கு இரண்டு பக்கம். இடது பக்கத்தில் பிறந்த தேதி, எடைகள், மருந்து, ஊசி, சிப் எண், தாய் தகப்பன், கென்னல் கிளப் பதிவு இருந்தால் அதன் எண். வலது பக்கம் காலி. விற்ற பிறகு நடப்பதெல்லாம் அந்த வலது பக்கத்தில்.

யார் நடத்திக்கொண்டு போவார்கள்?

இந்த வட்டாரத்தில் பெரிய நாய் விற்கும் காட்சி பல தடவை ஒரே மாதிரி இருக்கும். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற மகன் ஒரு மாத லீவில் வருகிறார். அப்பா அம்மா மட்டும் தனியாக இருக்கிறார்கள், காவலுக்கு ஒரு ராட்வீலர் வேண்டும் என்கிறார். காசைப் பற்றிப் பேச்சே இல்லை. லீவு முடிந்து அவர் போய்விடுவார். எட்டு மாதத்தில் 35 கிலோ நாயை 67 வயது அப்பா சங்கிலியில் பிடித்தபடி வாய்க்கால் வரப்பில் நிற்பார். நாய் ஒரு இழு இழுத்தால் இடுப்பு எலும்பு போகும். பயந்து கட்டிப் போடுவார். கட்டிப் போட்ட நாய் குரைக்கும், கடிக்கும். இது அந்த வீட்டுக்காரர் குற்றமும் இல்லை, நாயின் குற்றமும் இல்லை. விற்பவர் மகனிடம் பேசியிருக்கக் கூடாது, அப்பாவிடம் பேசியிருக்க வேண்டும். "ஐயா, மகன் போனப்புறம் யாரு இதைக் கூட்டிட்டுப் போவா?" என்று ஒரே கேள்வி.

வேட்டை நாய் விற்கிறவர்களுக்கு வேறு ஒன்று. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைப் பார்த்தால் துரத்தும். சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டா வயல்களில் மேய்ச்சல் வாத்துக் கூட்டம் இறங்கும், கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட வருவார்கள். வேலியில்லாத கொல்லையில் வளரும் கன்னி நாய் ஒரே காலையில் நாலு ஆட்டைக் கடித்துப் போட்டால் பஞ்சாயத்து, நஷ்டஈடு, ஒரு வாரத்தில் சோற்றில் விஷம். ஐந்தடிச் சுற்றுச்சுவரும் அடியில் சந்து இல்லாத கேட்டும் இல்லாத வீட்டுக்கு அந்த இனம் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். சொன்னால் அவர் வேறு யாரிடமாவது வாங்குவார்தான். வாங்கட்டும், அது உங்கள் நோட்டில் ஏறாது.

எட்டாவது மாதத்து போன்

எல்லாப் பொறுப்பும் கடைசியில் ஒரு போன் அழைப்பில் வந்து நிற்கிறது. குட்டி போன ஆறாவது மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் வருகிற அழைப்பு. நாய் பருவத்துக்கு வருகிற காலம், சொன்ன பேச்சைக் கேட்காது, செருப்பு முதல் சோபா வரை மிச்சமிருக்காது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் நேராக விஷயத்துக்கு வர மாட்டார். "சும்மாதான் அண்ணே பண்ணேன்… நல்லா இருக்கீங்களா?" என்பார். மழை பெய்ததா என்பார். பிறகு, "அந்தக் குட்டிக்கு உங்க பக்கம் யாராச்சும் ஆள் இருந்தா சொல்லுங்களேன்" என்பார். இந்த இடத்தில் பிரீடர் என்ன சொல்கிறார் என்பதில்தான் அந்த நாயின் மிச்சப் பத்து வருஷம் இருக்கிறது. "அப்பவே சொன்னேனே, லேசுப்பட்ட நாய் இல்லன்னு" என்று ஆரம்பித்தால் அவர் சரிங்கண்ணே என்று வைத்துவிடுவார். இரண்டாவது தடவை போன் வராது. வராததை வைத்து நாய் நன்றாக இருக்கிறது என்று பிரீடரும் நினைத்துக்கொள்வார். திட்டு வாங்கியவர் அடுத்து நாடுவது இருட்டுகிற நேரத்தையும் ஒரு குட்டி யானை வண்டியையும்.

திட்டுவதற்குப் பதில் வரிசையாகக் கேட்க வேண்டியவை சில. நாய் இப்போது எங்கே கட்டியிருக்கிறது? இன்று சாப்பிட்டதா? யாரையாவது கடித்ததா? கடித்திருந்தால் பேச்சு வேறு. கடிபட்டவர் உடனே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாயைப் பத்து நாள் இடம் மாற்றாமல் கண்காணிக்க வேண்டும். நாய் ஊசி போட்டதுதானே என்று யாரும் சமாதானம் சொல்லக் கூடாது. கடிக்கவில்லை என்றால் அடுத்த கேள்வி, எப்போதிலிருந்து இப்படி? வீடு மாறினீர்களா, குழந்தை பிறந்ததா, யாருக்காவது உடம்பு சரியில்லையா? நிறையப் பேருக்கு வேண்டியிருப்பது நிரந்தரமாகக் கைகழுவுவது அல்ல, மூச்சு விடக் கொஞ்சம் நாள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது, ஓடும் கூரையும் போன வீடுகளில் மனுஷருக்கே படுக்க இடமில்லை. அந்த மாதிரி நேரத்தில் "ரெண்டு மாசம் நான் வச்சுக்கிறேன், வீடு சரியானதும் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை போதும். காலிக் கூண்டின் முக்கால்வாசி உபயோகம் இதுதான்.

பணத்தையும் திரும்புவதையும் முடிச்சுப் போடக் கூடாது. முதல் 14 நாளுக்குள் டாக்டர் சீட்டோடு வந்தால் முழுப் பணம், அதற்குப் பிறகு பணம் கிடையாது, ஆனால் நாய் எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும், எந்த நேரத்திலும் திரும்பி வரலாம் என்று விற்கும் அன்றே தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் அதே தாளில். தெரிந்தவருக்கு இலவசமாகக் கொடுத்தேன் என்பது கேட்க நல்லதாக இருக்கும். கருத்தடை செய்யாத பெட்டை அப்படி மூன்று கை மாறினால் நாலாவது கையில் வருஷத்துக்கு இரண்டு ஈத்து போட்டுக்கொண்டிருக்கும்.

திரும்பி வந்த நாயை முதல் 14 நாள் காலிக் கூண்டிலேயே வைக்க வேண்டும். பழைய நோட்டைப் புரட்டிச் சிப் எண்ணைச் சரிபார்ப்பது முதல் வேலை, வேறு நாய் வந்து சேர்ந்த கதையெல்லாம் உண்டு. உண்ணி பார்ப்பது இரண்டாவது, காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும். உண்ணியால் வரும் எர்லிகியா, பபீசியா நோய்கள் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை. மூன்று நாள் யாரும் தொட்டுக் கொஞ்ச வேண்டாம். சோறு வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தான் பிறந்த வீடு என்று அதற்கு ஞாபகம் இருக்கும் என்பதெல்லாம் நம் ஆசை. அது புது இடம் மாதிரிதான் மிரளும். பிறகு கருத்தடை, பிறகு பழக்குதல், பிறகு புது வீடு. கிடைக்காவிட்டால் இங்கேயே.

நோட்டின் வலது பக்கம் இன்னொன்றுக்கும் ஆகும். ஒரு குட்டிக்கு இரண்டு வயதில் வலிப்பு வந்தது என்று தெரிந்தால் அன்றைக்கே மற்ற ஆறு பேருக்கும் போன் போட வேண்டும். அந்த ஜோடியைத் திரும்பச் சேர்க்கக் கூடாது. அக்குட்டிகளில் ஏதாவது ஈன்றிருந்தால் அவர்களுக்கும் சொல்ல வேண்டும். இதில் வியாபாரம் கெடும். ஒரே ரத்தத்துக்குள் தகப்பனையும் மகளையும் சேர்த்து லைன் காப்பாற்றுகிறேன் என்கிறவர்கள் இந்த போனைப் போடவே மாட்டார்கள், அவர்களிடம் நோட்டும் இருக்காது.

நாய் செத்துப் போனாலும் சொல்லுங்கள் என்று வாங்கியவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். துக்கம் விசாரிக்க மட்டும் அல்ல. எத்தனை வயது, என்ன நோய், கடைசி மாதம் எப்படி இருந்தது என்பதை எழுதிக்கொண்ட பிறகுதான் அந்தப் பக்கத்தில் கோடு போடலாம். 60 வயதில் ஈத்து எடுக்கிறவர் தன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் போன் நம்பரும் அந்தத் தாளில் எழுதியிருக்க வேண்டும், மகனோ கூட்டாளியோ. 72 வயதில் போன் அடித்தால் எடுக்க ஒரு ஆள்.